வளைகுடாவில் ஜாஸ் படிப்பு: பிறந்த தேதி எது?

ஒரு பல்கலைக்கழகத்தில் ஜாஸ் படிப்பு என்றைக்குத் தொடங்கியது என்று எதை வைத்துச் சொல்வது? பாடத்திட்டத்துக்கு ஆட்சிக்குழு ஒப்புதல் தந்த நாளையா? முதல் ஆசிரியர் வகுப்புக்குள் நுழைந்த நாளையா? நிர்வாகத்தைக் கேட்காமலே மாணவர்கள் ஓர் அறையில் கூடி வாசிக்கத் தொடங்கிய நாளையா? அமெரிக்காவில் இந்தக் கேள்விக்குப் பல தலைமுறைகளாகப் பதில் சொல்லி வருகிறார்கள். பதில்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. அந்த வழக்கு இப்போது அரபு வளைகுடாவுக்கும் வந்திருக்கிறது.

வந்ததற்குக் காரணம் உண்டு. 2021இல் அபுதாபி யுனெஸ்கோவின் இசை நகரங்கள் வரிசையில் சேர்ந்தது. 2025 ஏப்ரல் 30 அன்று சர்வதேச ஜாஸ் தினத்தை முன்னின்று நடத்திய நகரமும் அதுதான். பியானோக் கலைஞர் ஹெர்பி ஹான்காக் முன்னிலையில் உலகக் கச்சேரி அங்கே நடந்தது. அதே நகரின் சாதியாத் தீவில் நியூயார்க் பல்கலைக்கழகத்தின் கிளை வளாகம் இருக்கிறது. பாஸ்டனின் பெர்க்லி இசைக் கல்லூரி 2020இல் திறந்த மையமும் அதே தீவில்தான். ஆனால் நியூயார்க் பல்கலைக்கழக வளாகத்தில் கிடைப்பது பொதுவான இசை இளங்கலைப் பட்டம். பெர்க்லி மையம் நடத்துவது பட்டமில்லாத பயிற்சிகள். ஜாஸ் வாசிப்பவர்கள் இருக்கிறார்கள், கற்றுத்தருபவர்கள் இருக்கிறார்கள், அந்தப் பெயரில் ஒரு பட்டம் மட்டும் இல்லை. தோற்றம் பற்றிய பழைய விளக்கங்களை உரசிப் பார்க்க இந்த அரைகுறை நிலை மிகவும் வசதியானது.

டென்டன் கணக்கு

பாடப்புத்தகங்கள் வழக்கமாகச் சொல்லும் பதில் டெக்சஸ் மாநிலத்தின் டென்டன் நகரம். அங்கிருந்த நார்த் டெக்சஸ் ஆசிரியர் கல்லூரியில் படித்த ஜீன் ஹால், கல்லூரியில் நடன இசையைப் பாடமாக வைப்பது எப்படி என்பதையே 1944இல் தன் முதுகலை ஆய்வேட்டின் பொருளாக எடுத்துக்கொண்டார். 1947இல் அதே கல்லூரி அவரை அழைத்துப் படிப்பைத் தொடங்கியது. பட்டத்தில் ஜாஸ் என்ற சொல் இல்லை. நடனக்குழு இசை என்றுதான் போட்டார்கள். மதுக்கடையோடும் இரவு விடுதியோடும் ஒட்டியிருந்த சொல்லை ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் சான்றிதழில் அச்சிட யாருக்கும் மனம் வரவில்லை.

இந்தக் கணக்கின் பலம் அதன் துல்லியம். ஆண்டு இருக்கிறது, ஆள் இருக்கிறார், அரசாங்க முத்திரை இருக்கிறது. பொருளாதாரக் காரணமும் தெளிவு: போரிலிருந்து திரும்பிய வீரர்களின் படிப்புச் செலவை 1944ஆம் ஆண்டுச் சட்டப்படி அமெரிக்க அரசு ஏற்றது. படையணி இசைக்குழுக்களில் வாசித்த இளைஞர்கள் கையில் கட்டணத்தோடு கல்லூரி வாசலில் நின்றார்கள். பாஸ்டனில் லாரன்ஸ் பெர்க் 1945இல் ஷில்லிங்கர் ஹவுஸ் என்ற பெயரில் திறந்த பள்ளிக்கும் இதே காற்றுதான் வீசியது. 1954இல் தன் மகன் லீயின் பெயரைச் சேர்த்து அதை பெர்க்லி ஆக்கினார்.

டென்டனின் கற்பிக்கும் முறையையும் கவனிக்க வேண்டும். அங்கே வகுப்பு என்பதே இசைக்குழுதான். ஐந்து சாக்ஸபோன், நான்கைந்து டிரம்பெட், அதே அளவு டிராம்போன், பின்னால் பியானோ, பாஸ், கிட்டார், டிரம்ஸ். ஒவ்வொரு குழுவுக்கும் அது ஒத்திகை பார்க்கும் மணிநேரமே பெயர்: ஒரு மணிக் குழு, இரண்டு மணிக் குழு என்று. தேர்வில் தேறினால் மேல் குழுவுக்கு நாற்காலி கிடைக்கும்; தவறினால் கீழே. ஆய்வுக்கூடம் என்ற சொல்லை அவர்கள் குழுவின் பெயரோடு சேர்த்துக்கொண்டது, அறிவியல் துறைகளுக்கு நடுவே தாங்களும் கௌரவமாக நிற்பதற்காக என்று நினைக்கத் தோன்றுகிறது.

ஐரோப்பாவிலிருந்து ஒரு மறுப்பு உண்டு. ஃபிராங்க்ஃபர்ட்டின் ஹோக் இசைக் கல்லூரியில் 1928லேயே ஹங்கேரியரான மாத்யாஷ் ஷைபர் ஜாஸ் வகுப்பு எடுத்தார். இயக்குநர் பெர்ன்ஹார்ட் செக்லெஸ் அதை அறிவித்தபோது ஜெர்மன் இசையின் தூய்மை போயிற்று என்று கூச்சல் எழுந்தது. 1933இல் நாஜிகள் வந்தவுடன் வகுப்பும் போனது, அவ்விருவர் வேலையும் போனது. பத்தொன்பது ஆண்டுகள் முந்தியது என்பதால் முதலிடத்தை அதற்கே தரலாம். ஆனால் அங்கே படித்தவர் எவரும் அங்கே திரும்பி வந்து பாடம் நடத்த வாய்க்கவில்லை. தொடர்ச்சி அறுந்த தொடக்கத்தைத் தோற்றம் என்பதா முன்னோட்டம் என்பதா என்பதில் எழுதுபவர்கள் பிரிகிறார்கள்.

பட்டத்துக்கு முன்பு

டென்டன் கணக்கில் இதைவிடக் கனமான ஓட்டை ஒன்று உண்டு. 1947இல் அந்தக் கல்லூரியில் கறுப்பின மாணவர்களுக்கு இடமில்லை. இளங்கலையில் அவர்கள் நுழைந்தது 1956இல்தான். கறுப்பின மக்கள் உருவாக்கிய இசைக்கு முதல் பட்டம் தந்த வளாகத்தில் அவர்களே இளங்கலை படிக்க முடியாது என்ற நிலை ஒன்பது ஆண்டுகள் நீடித்தது.

கென் ப்ரௌட்டி முதலிய ஆய்வாளர்கள் இந்த இடத்திலிருந்துதான் மறுவாசிப்பைத் தொடங்குகிறார்கள். பர்மிங்ஹாம் நகரின் தொழிற்கல்வி உயர்நிலைப் பள்ளியில் ஜான் வாட்லி பல பத்தாண்டுகள் பாடம் நடத்தி, அமெரிக்காவின் பெரிய குழுக்களுக்கெல்லாம் ஆள் அனுப்பினார். மெம்ஃபிஸின் மனாசஸ் உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியராக இருந்த ஜிம்மி லன்ஸ்ஃபோர்ட் 1927இல் தன் மாணவர்களைக் கொண்டு அமைத்த குழுவே பின்னால் அவர் பெயரில் புகழ்பெற்ற ஆர்கெஸ்ட்ரா ஆனது. அலபாமா மாநிலக் கறுப்பினக் கல்லூரியின் மாணவர் குழு எர்ஸ்கின் ஹாக்கின்ஸ் தலைமையில் நியூயார்க் போய் அங்கேயே தங்கிவிட்டது. இவை எதிலும் ஜாஸ் பட்டம் கிடையாது. வகுப்பு, ஒத்திகை, தேர்வு, வேலை எல்லாம் இருந்தன.

இந்த விளக்கம் நியாயமானது. அதற்காகக் குறையற்றது என்று சொல்லிவிட முடியாது. கறுப்பினக் கல்லூரிகள் பலவற்றிலும் இசைத்துறைத் தலைமை ஐரோப்பிய செவ்வியலைத்தான் மேலே வைத்தது. டிரம்பெட் கலைஞர் டொனால்ட் பேர்ட் ஹாவர்ட் பல்கலைக்கழகத்தில் ஜாஸுக்கு முறையான இடம் பெற்றுத்தந்தது 1968இல். இண்டியானாவில் டேவிட் பேக்கர் பட்டப்படிப்பை நிறுவியதும் அதே காலம். பாஸ்டனின் நியூ இங்கிலாந்து கன்சர்வேட்டரியில் குந்தர் ஷூலர் துறை தொடங்கியது 1969இல். வளாகங்களில் கறுப்பின மாணவர்கள் போராடிய ஆண்டுகள் அவை. பட்டம் பள்ளிக்கூட மரபின் கனி என்பதைவிட அரசியல் அழுத்தத்தின் விளைவு என்று வாதிடவும் இடமிருக்கிறது.

இரண்டு பதில்களுக்கும் அடியில் இருப்பது ஓர் அளவுகோல் சிக்கல். இந்தக் கட்டுரை பிடித்துக்கொள்ளும் அளவுகோல் வேறொன்று: ஒரு படிப்பு வேர்விட்டது என்பதற்கு அடையாளம், அங்கே கற்றவர் அங்கேயே, அல்லது அந்த மண்ணிலேயே, அடுத்தவருக்குக் கற்றுத்தருவது. ஜீன் ஹால் தான் படித்த கல்லூரிக்குத் திரும்பினார் என்பதில் டென்டனின் உரிமை இருக்கிறது. அவர் பெற்ற ஒப்புதல் முத்திரையில் அவ்வளவாக இல்லை. வளைகுடாவுக்கு இந்த அளவுகோலோடு போனால் காட்சி கொஞ்சம் மாறுகிறது.

இறக்குமதி விளக்கம்

வளைகுடாவின் இசைக் கல்வியைப் பற்றி எழுதுபவர்கள் முதலில் கைகாட்டுவது அரசாங்கத்தின் பணப்பையை. எண்ணெய் வருமானத்துக்கு மாற்றுத் தேடும் அரசுகள் அருங்காட்சியகம், பல்கலைக்கழகம், இசையரங்கு என்று வாங்கிக் குவிக்கின்றன. ஜாஸும் அந்தப் பட்டியலில் ஒரு வரி என்பது அவர்கள் வாதம். சான்றுகள் கையெட்டும் தூரத்தில் இருக்கின்றன. ஓமன் சுல்தான் காபூஸ் 1985இல் அரச சிம்ஃபொனி இசைக்குழுவை அமைத்தார். மஸ்கட்டின் அரச ஓபரா மாளிகை 2011இல் திறந்தது. கத்தார் ஃபிலார்மோனிக் 2007இல் உருவாயிற்று. கத்தார் இசை அகாதெமி 2011இல் வந்தது. அடுத்த ஆண்டு நியூயார்க்கின் ஜாஸ் அட் லிங்கன் சென்டர் தோஹாவின் ஓட்டல் ஒன்றில் தன் பெயரிலேயே ஓர் அரங்கைத் திறந்தது. டிரம்பெட் கலைஞர் விண்டன் மார்சாலிஸ் வந்து வாசித்தார். நியூயார்க் பல்கலைக்கழகம் அபுதாபியோடு 2007இல் ஒப்பந்தம் செய்து 2010இல் முதல் மாணவர்களைச் சேர்த்தது. 2014இல் சாதியாத்துக்குக் குடிபெயர்ந்தது.

கலையை வெளியுறவுக் கருவியாக்குவது வளைகுடா கண்டுபிடித்த வித்தை அல்ல. 1950களில் அமெரிக்க வெளியுறவுத்துறை இதே இசையை இதே திசையில் அனுப்பியது. 1958இல் டேவ் ப்ரூபெக் குழு இந்தியா, இலங்கை, ஈரான், ஈராக் வழியாகப் போனது. 1963இல் டியூக் எலிங்டன் குழு ஏறத்தாழ அதே பாதையில் வந்து, அதிபர் கென்னடி கொல்லப்பட்ட செய்தி கிடைத்ததும் பயணத்தைப் பாதியில் நிறுத்திக்கொண்டு திரும்பியது. அன்று அனுப்பியவன் பணம் கொடுத்தான்; இன்று அழைப்பவன் கொடுக்கிறான். அவ்வளவுதான் வித்தியாசம் என்று கிண்டலாகச் சொல்லலாம். முழு உண்மை அதுவல்ல. சுற்றுப்பயணக் குழு கச்சேரி முடிந்ததும் விமானம் ஏறிவிடும். பல்கலைக்கழகம் தங்கிப் பாடம் நடத்த வேண்டும், நூலகம் வைக்க வேண்டும், தேர்வுத்தாள் திருத்த வேண்டும்.

இறக்குமதி விளக்கத்தைத் தார்மீகக் கோணத்தில் முன்வைப்பவர்களும் உண்டு. சாதியாத் வளாகத்தைக் கட்டிய தொழிலாளர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் வாக்களிக்கப்பட்ட பாதுகாப்புகளுக்கு வெளியே விடப்பட்டிருந்தார்கள் என்பது 2015இல் வெளியான நார்டெல்லோ நிறுவனத்தின் விசாரணை அறிக்கையின் முடிவு. ஒடுக்கப்பட்டவர்களின் இசையை இப்படிக் கட்டிய கட்டடத்தில் கற்பிப்பது பற்றிய கேள்வி கூர்மையானது. தெற்காசியத் தொழிலாளரின் ஊரிலிருந்து வாசிக்கும் நமக்கு அது இன்னும் கொஞ்சம் உறுத்தும்.

ஆனால் படிப்பின் தோற்றத்தை விளக்கும் கருவியாக இந்த வாதம் பாதிதான் போகிறது. பணம் கட்டடத்தை விளக்கும். எந்த இசை அந்தக் கட்டடத்துக்குள் என்ன உருவம் எடுக்கிறது என்பதை விளக்காது. கத்தாரின் கல்வி நகரம் அதற்குச் சாட்சி. அமெரிக்காவின் ஆறு பல்கலைக்கழகங்கள் அங்கே கிளை திறந்தன: மருத்துவம், பொறியியல், இதழியல், வெளியுறவு, வடிவமைப்பு எல்லாம் வந்தன. இசைக்கென ஒரு கிளை வரவில்லை. பணம் குறைவு என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

ஓட்டல் மேடைக்காரர்கள்

அதிகம் எழுதப்படாத விளக்கம் இது. பல்கலைக்கழகம் வருவதற்கு வெகுகாலம் முன்பே வளைகுடாவில் ஜாஸ் வாசிக்கப்பட்டது. பஹ்ரைனின் அவாலி, குவைத்தின் அஹ்மதி, சவூதியின் தஹ்ரான் ஆகிய எண்ணெய்க் குடியிருப்புகளில் மன்றங்களும் நடன மாலைகளும் இருந்தன. அந்த நிறுவனங்களின் அலுவலகங்களில் கோவாக்காரர்கள் ஏராளம். ஊரில் தேவாலயப் பள்ளியில் நொட்டேஷன் படித்து, வயலினோ டிரம்பெட்டோ கற்றுக்கொண்டு வந்தவர்கள் அவர்களில் இருந்தார்கள். பம்பாயின் தாஜ் ஓட்டலில் 1930களில் டெடி வெதர்ஃபோர்ட் முதலிய அமெரிக்கக் கலைஞர்கள் வாசித்ததையும், அவர்களோடு கோவா இசைக்கலைஞர்கள் வளர்ந்ததையும் நரேஷ் ஃபெர்னாண்டஸ் 2012இல் வெளியிட்ட நூலில் விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். அந்தப் பம்பாய்க் கதைக்கு வளைகுடாவில் ஒரு கிளைக்கதை உண்டு என்று ஊகிக்க எல்லா நியாயமும் இருக்கிறது. அதை எழுத யாரும் அதே அளவு உழைக்கவில்லை.

பின்னால் துபாயிலும் அபுதாபியிலும் நட்சத்திர ஓட்டல்கள் பெருகியபோது பிலிப்பைன்ஸ், கோவா, இலங்கைக் குழுக்கள் அந்த மேடைகளை நிரப்பின. உரிமம் பெற்ற விடுதிக்குள்தான் நேரடி இசை. விசாவும் விடுதியின் பெயரில்தான். ஒப்பந்தம் முடிந்தால் குழு கலைந்து வேறு நகரத்துக்குப் போய்விடும். 2003இல் தொடங்கிய துபாய் ஜாஸ் விழாவும் போகப்போக பாப், ராக் நட்சத்திரங்களின் மேடையானது. உள்ளூரில் வசித்து வாசிப்பவர்களுக்கு அதனால் பெரிய ஏற்றம் இல்லை.

இந்த விளக்கத்தை ஏற்றால், வளைகுடா ஜாஸ் படிப்பின் உண்மையான முதல் ஆசிரியர்கள் ஓட்டல் வாசிப்பை முடித்துவிட்டு மாலையில் பிள்ளைகளுக்கு பியானோவும் கிட்டாரும் சொல்லித்தந்தவர்கள்தான். துபாயின் கராமாவிலும் ஷார்ஜாவிலும் இசை வகுப்புகள் நடத்தும் சிறு பயிற்சி நிலையங்களைத் தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. டிரினிட்டி கிரேடு, ஏபிஆர்எஸ்எம் கிரேடு என்று லண்டன் சான்றிதழுக்குப் பிள்ளைகளை அனுப்பும் தமிழ்க் குடும்பங்கள் அங்கே ஏராளம். அந்தத் தேர்வுகளின் ஒரு பிரிவில் ஜாஸ் பியானோவும் உண்டு. பர்மிங்ஹாமின் வாட்லிக்கும் இவர்களுக்கும் வேலையில் பெரிய வித்தியாசமில்லை. வாட்லியின் மாணவர்களில் சிலராவது அதே ஊரில் வளர்ந்து அதே ஊரில் கற்பித்தார்கள் என்பதுதான் வித்தியாசம். இங்கே ஆசிரியரும் மாணவரும் பெரும்பாலும் விசா முடிந்தால் ஊர் திரும்ப வேண்டியவர்கள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளை சென்னைக்கோ டொராண்டோவுக்கோ போய்விடும். வேர்விடும் என்ற அளவுகோல் இங்கே பலமாக இடிக்கிறது.

கடல் வழி விளக்கம்

இருப்பவற்றில் மிகவும் சுவையானது, கூடவே மிகவும் கவனமாக அணுக வேண்டியது, கடல் வழி விளக்கம். வளைகுடாவின் முத்துக்குளிப்பு இசைக்கும் ஜாஸுக்கும் ஆழத்தில் உறவு உண்டு, ஆகவே படிப்பு வெளியிலிருந்து நட்டதல்ல, உள்ளிருந்தே முளைக்கக்கூடியது என்கிறது அது.

இதன் முக்கிய குரல் குவைத்தைச் சேர்ந்த காஸி அல் முலைஃபி. முத்துக்கப்பல் தலைவர் ஒருவரின் பேரன். கிட்டார் கலைஞர், இனவரைவியல் இசை ஆய்வாளர், நியூயார்க்கில் முனைவர் பட்டம் பெற்று அபுதாபி வளாகத்தில் கற்பிப்பவர். பூம் திவான் என்ற அவருடைய குழுவில் குவைத்தின் கடல் தாளக்காரர்கள் ஜாஸ் கருவிகளோடு உட்கார்ந்து வாசிக்கிறார்கள். கியூபா வேர்கொண்ட பியானோக் கலைஞர் ஆர்துரோ ஓ ஃபாரிலும் அந்தக் குழுவோடு சேர்ந்து வாசித்திருக்கிறார். பூம் என்பது இந்தியப் பெருங்கடலில் ஓடிய பாய்மரக் கப்பல் வகை. அதற்கான மரம் மலபாரிலிருந்து போனது. கப்பல் கள்ளிக்கோட்டைக்கும் பம்பாய்க்கும் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கும் போய்வந்தது.

கடல் இசையைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். கப்பலில் பாடுவதற்கென்றே அமர்த்தப்பட்டவர் நஹ்ஹாம். அவர் உச்சக் குரலில் பாட, மாலுமிகள் மிகத் தாழ்ந்த குரலில் ஒரே சுரத்தை நீட்டி முழங்குவார்கள். இரண்டுக்கும் நடுவே பெரிய இடைவெளி. அந்த வெற்றிடத்தில் கைத்தட்டலும், மிர்வாஸ் என்ற சின்ன இருமுகப் பறையும், ஜஹ்லா என்ற மண்பானையும் பின்னிப் பின்னி ஓடும். பானையை ஒரு கையால் வாயிலும் மறு கையால் வயிற்றிலும் தட்டுகிறார்கள். நம் கடம் கேட்டுப் பழகிய காது உடனே திரும்பும். பஹ்ரைனில் இதன் பெயர் ஃபிஜிரி. 2021இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் அது சேர்ந்தது.

ஃபிஜிரி கற்ற இடம் தார் என்ற வீடு. முஹர்ரக் தீவில் இப்படிப்பட்ட வீடுகள் இன்னும் உண்டு. முத்துக்குளிப்புப் பருவம் முடிந்ததும் ஆண்கள் மாலையில் அங்கே கூடுவார்கள். சிறுவர்கள் ஓரமாக உட்கார்ந்து, கைத்தட்டலில் தொடங்கி, பல ஆண்டுகளில் பறைக்கு நகர்ந்து, வாய்த்தவர்கள் பாட்டுக்கு வருவார்கள். பாட வரிசை உண்டு, தேர்ச்சி உண்டு, மூத்தவரின் கண்டிப்பும் உண்டு. ஃபிஜிரியின் பிறப்பைப் பற்றி ஒரு கதையும் சொல்கிறார்கள்: மூன்று ஆண்கள் ஒதுக்குப்புறமான மசூதியில் பாடுகுரல் கேட்டு நுழைந்தார்களாம், உள்ளே பாதி மனிதர் பாதி கழுதையான ஜின்கள். வெளியே சொல்லக்கூடாது என்ற நிபந்தனையோடு அவை பாட்டைக் கற்பித்தனவாம். எந்தப் பல்கலைக்கழகமும் இவ்வளவு வண்ணமான தொடக்கத்தைத் தன் கையேட்டில் போட்டுக்கொள்ள முடியாது.

ஜாஸோடு உறவு எங்கே வருகிறது? வரலாற்றாளர் மேத்யூ ஹாப்பர் 2015இல் வெளியிட்ட நூலில் காட்டுவதுபோல, முத்து வணிகம் உச்சத்திலிருந்தபோது கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் வளைகுடாவில் பெருமளவில் முத்துக்குளித்தார்கள், படகு வலித்தார்கள். லேவா, தன்பூரா போன்ற இசை வகைகளில் அவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் தெரிகிறார்கள். அட்லாண்டிக் கடந்த ஆப்பிரிக்கர்கள் அமெரிக்காவில் ஓர் இசையை உருவாக்கினார்கள். இந்தியப் பெருங்கடல் கடந்தவர்கள் இங்கே இன்னொன்றை உருவாக்கினார்கள். இவை இரண்டும் சந்திப்பது உறவினர் சந்திப்பு என்பது இந்த விளக்கத்தின் கவர்ச்சி. அமெரிக்கப் பக்கத்திலும் இதற்கு முன்னுதாரணம் உண்டு. தெலோனியஸ் மாங்க்கோடு பாஸ் வாசித்த அகமது அப்துல் மாலிக் 1950களின் இறுதியிலேயே ஊத் வாத்தியத்தை ஜாஸுக்குள் கொண்டுவந்தார். யூசுஃப் லத்தீஃப் கிழக்கின் கருவிகளோடு பதிவு செய்தார், பின்னால் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகவும் இருந்தார்.

பலவீனங்கள் மூன்று திசையில் வருகின்றன. முதலாவது, பொது மூதாதை என்பது தளர்வான வாதம். இரண்டு அடிமை வணிகங்களின் காலமும் அமைப்பும் வேறு. கிழக்கு ஆப்பிரிக்காவின் தாள மரபும் மேற்கு ஆப்பிரிக்காவின் தாள மரபும் ஒன்றல்ல. இரண்டாவது, கடற்பாட்டு பெரும்பாலும் கட்டுக்கோப்பான பாடாந்தரம். அதில் கற்பனைக்கு இடமுண்டு. ஆனால் ஜாஸில் உள்ளதுபோல் சுர இசைவு மாற்றத்தின்மேல் தனியாள் எழுப்பும் கற்பனை அல்ல. மூன்றாவது சங்கடமானது. அடிமைகளின் வரலாற்றை வளைகுடா அரசுகள் பேச விரும்புவதில்லை. மரபு என்ற அலங்காரச் சொல்லுக்குள் அது மறைந்துபோகும் அபாயம் உண்டு. முத்துக்குளிப்பே 1930களில் உலகப் பொருளாதார வீழ்ச்சியாலும் ஜப்பானின் வளர்ப்பு முத்தாலும் சரிந்துவிட்டது. இன்று தாரில் பாடுபவர் அநேகமாக எவரும் பிழைப்புக்காகக் கடலில் மூழ்கியவர் அல்லர்.

இவ்வளவு குறையோடும் இந்த விளக்கமே மற்றவற்றைவிட ஒரு படி முன்னே நிற்பதாகத் தோன்றுகிறது. காரணம் அதன் வரலாற்று வாதம் அல்ல. அது காட்டும் நடைமுறை. வளைகுடாவில் பிறந்தவர் வளைகுடாவிலேயே ஆசிரியராக இருக்கிறார். தாரின் பெரியவர்கள் பல்கலைக்கழக மேடைக்கு வருகிறார்கள். பல நாட்டு மாணவர்கள் அவர்களிடம் கைத்தட்டலில் தொடங்கிக் கற்கிறார்கள். அளவுகோலின் பாதி இங்கே நிறைவேறுகிறது.

மிருதங்கம் போன வழி

வெளியிசை ஒன்று பல்கலைக்கழகத்தில் வேர்விட எவ்வளவு காலமாகும் என்பதற்குத் தமிழர்களிடம் எதிர்த்திசை உதாரணம் இருக்கிறது. கனெக்டிகட்டின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்துக்கு ராபர்ட் பிரவுன் அழைப்பில் 1963இல் மிருதங்கம் டி. ரங்கநாதன் போனார். பின்னால் அவர் தம்பி புல்லாங்குழல் டி. விஸ்வநாதனும் அங்கே சேர்ந்தார். ரங்கநாதனிடம் கற்ற அமெரிக்கர் டேவிட் நெல்சன் அதே வளாகத்தில் மிருதங்கம் கற்பித்தார். விஸ்வநாதனின் சீடர் பி. பாலசுப்பிரமணியன் அங்கே வாய்ப்பாட்டு கற்பித்தார். குரு போன இடத்தில் சீடர் நாற்காலி ஏறினார். அதே வெஸ்லியனில்தான் கிட்டார் கலைஞர் ஜான் மக்லாஃப்லின் எஸ். ராமநாதனிடம் வீணை கற்றார். அவருடைய சக்தி இசைக்குழுவுக்கான விதைகளில் ஒன்று அங்கே விழுந்தது. டொராண்டோவின் யார்க் பல்கலைக்கழகத்தில் 1971 முதல் திருச்சி சங்கரன் கற்பித்தபோது, அவர் வகுப்பில் ஜாஸ் டிரம்ஸ் மாணவர்கள் கொன்னக்கோல் சொல்லிப் பழகினார்கள்.

அடுத்த தலைமுறையில் அம்பு திரும்பியது. தமிழ்க் குடும்பத்தில் பிறந்த பியானோக் கலைஞர் விஜய் ஐயர் 2014இல் ஹார்வர்டில் பேராசிரியரானார். மிருதங்கக் கலைஞர் ராஜ்னா சுவாமிநாதன் ஹார்வர்டில் முனைவர் பட்டம் பெற்றுக் கலிஃபோர்னியாவில் கற்பிக்கிறார். ரங்கநாதனிலிருந்து இங்கே வர அரை நூற்றாண்டு ஆயிற்று.

தமிழ்நாட்டின் சொந்த முயற்சிகள் இதைவிட இளையவை. ஏ.ஆர். ரஹ்மான் 2008இல் சென்னையில் கே.எம். கன்சர்வேட்டரியைத் தொடங்கினார். பெர்க்லியில் படித்த கிட்டார் பிரசன்னா தலைமையில் 2010இல் செய்யூர் பக்கம் ஸ்வர்ணபூமி இசை அகாதெமி வந்தது. ரஹ்மானின் கை வளைகுடாவையும் தொட்டது: துபாய் எக்ஸ்போவுக்காக 2021இல் அவர் வழிகாட்டலில் பெண்கள் மட்டுமே உள்ள ஃபிர்தவ்ஸ் இசைக்குழு உருவானது.

அபுதாபி வளாகத்துக்கும் மிருதங்கம் போயிருக்கிறது, ஆய்வு வழியாக. அங்குள்ள இசைப் பேராசிரியர் கார்லோஸ் கெதஸும் சகாக்களும் மிருதங்கக் கலைஞர் அக்‌ஷய் அனந்தபத்மநாபனோடு சேர்ந்து, கர்நாடக தாளச் சொற்கட்டுகளை எண்ணி ஆராய்ந்து கணினியே அவற்றைப் புதிதாகக் கோக்கும் முறை ஒன்றை 2016இல் வெளியிட்டார்கள். வளைகுடாவில் தெற்காசியர்கள் பெருமளவில் வாழ்கிறார்கள். பல்கலைக்கழக இசை அவர்களின் இசையைத் தொடும் வாசல் முதலில் ஆய்வுக்கூடமாக இருந்தது என்பது கவனிக்கத்தக்கது. மேடை வாசல் இனிமேல்தான் அகலத் திறக்க வேண்டும்.

தீராத கணக்குகள்

நான்கு விளக்கங்களில் எதையும் முற்றாகத் தள்ளிவிட இப்போதுள்ள சான்றுகள் போதாது. இறக்குமதி விளக்கம் காசையும் தேதிகளையும் சரியாகச் சொல்கிறது. ஓட்டல் விளக்கம் ஆட்களைச் சரியாகச் சொல்கிறது, ஆவணம் இல்லாமல் நிற்கிறது. கடல் விளக்கம் திசையைக் காட்டுகிறது, தூரத்தைக் குறைத்துச் சொல்கிறது. டென்டன் வகைப் பட்டக் கணக்குக்கு வளைகுடாவில் இன்னும் பொருளே எழவில்லை.

எந்தப் பக்கம் தராசு சாயும் என்பதை இசைக்கு வெளியே உள்ள சில விஷயங்கள் தீர்மானிக்கலாம். ஐக்கிய அரபு அமீரகம் 2019இல் தொடங்கிய நீண்டகால வசிப்பு விசாவைப் பின்னர் கலைஞர்களுக்கும் நீட்டித்தது. விடுதியின் பெயரில் இல்லாமல் தன் பெயரிலேயே பத்தாண்டு தங்கக்கூடிய டிரம்பெட் கலைஞர், நிரந்தரமாக மாணவர்களைச் சேர்க்க முடியும். எத்தனை பேர் அப்படித் தங்குவார்கள், அவர்களில் ஓட்டல் மேடையிலிருந்து வருபவர் எவ்வளவு, பெரிய பெயரோடு வெளியிலிருந்து வருபவர் எவ்வளவு என்பது இன்னும் சில ஆண்டுகளில் தெரியலாம். அரபு மொழியில் ஜாஸ் பாடநூல்கள் எந்த அளவுக்கு எழுதப்படும், கால் சுரங்களைப் பயன்படுத்தும் மகாம் முறையை பியானோவின் பன்னிரண்டு சுரங்களோடு வகுப்பில் எப்படிக் கையாள்வார்கள் என்பதிலும் ஒப்புக்கொண்ட வழி இல்லை. அபுதாபியில் 2008 முதல் ஊத் கற்பிக்கும் பைத் அல் ஊத் போன்ற இடங்கள் இதில் பல்கலைக்கழகத்தை முந்திக்கொண்டாலும் வியப்பில்லை.

மிக அவசரமான வேலை பழைய மேடைக்காரர்களின் நினைவுகளைப் பதிவு செய்வது. அவாலியிலும் அஹ்மதியிலும் 1950களில் வாசித்தவர்கள் உயிரோடிருந்தால் தொண்ணூறைத் தொட்டிருப்பார்கள். துபாயின் முதல் ஓட்டல் குழுக்காரர்கள் ஓய்வுபெற்று கோவாவுக்கும் மணிலாவுக்கும் கொழும்புக்கும் திரும்பியிருப்பார்கள். அவர்களின் ஒப்பந்தத் தாள்களும் கையெழுத்து நொட்டேஷன்களும் வளைகுடாவின் ஆவணக் காப்பகங்களில் கிடைக்க வாய்ப்பு குறைவு, அந்த ஊர்களின் வீட்டுப் பெட்டிகளில்தான் தேட வேண்டியிருக்கும்.